நாடு முழுக்க மக்களின் மதிப்பீடுகளையும் நம்பிக்கைகளையும் கேட்டறிவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒருவரின் வயதைத் தப்பாகக் குறித்துவிட்டால் ஆதாரைப் பார்த்துத் திருத்தலாம். வீட்டில் எத்தனை பேர் என்பதை ரேஷன் கார்டில் சரிபார்க்கலாம். "வேறு சாதியில் திருமணம் செய்வது பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு வாங்கிய பதிலைச் சரிபார்க்க எந்த அட்டையும் கிடையாது. கேட்டவர் யார், பக்கத்தில் யார் நின்றார்கள், முந்தைய கேள்வி என்ன என்பதைப் பொறுத்து அதே ஆளே வேறு பதில் சொல்வார். ஆகவே இந்த வகை சர்வேயில் பிழையைப் பின்னால் திருத்த வழியில்லை. முன்னாலேயே அடைக்க வேண்டும். எந்த வேலையை எதற்கு முன் செய்வது என்பதுதான் இங்கே பாதி விஷயம்.

சென்னையில் இருந்துகொண்டு பல மாநிலங்களில் இப்படி ஒரு சர்வே நடத்த நினைக்கும் ஆய்வு மாணவர்கள், தொண்டு நிறுவனங்கள், சிறிய ஆய்வுக் குழுக்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வருபவர்கள் அநேகமாக எல்லோரும் கேள்வித்தாளில்தான் கை வைக்கிறார்கள். இந்த வரிசையில் அது ஐந்தாவதாக வருகிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும். அவர் சூப்பர்வைசராகவும் இருக்கலாம், கல்லூரி ஆசிரியராகவும் இருக்கலாம். சென்னையில் இருந்து ஆட்களை ரயிலேற்றி அனுப்பி பீகாரில் பேட்டி எடுக்க முடியாது. மொழி தெரிந்தாலும் பேச்சு வழக்கு தெரியாது.

உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதிக்கு முதல் வாரத்திலேயே விண்ணப்பியுங்கள். மதம், சாதி, அரசியல் பற்றிய கேள்விகள் இருந்தால் குழு திருத்தம் கேட்கும். அதற்கு நாளாகும்.

பட்ஜெட்டில் மறுபடி போவதற்கான செலவைத் தனியாக எழுதுங்கள். வீட்டில் ஆள் இல்லாமல் திரும்பி வந்து மறுநாள் போவதற்கான பேருந்துக் கட்டணம், தங்கும் செலவு எல்லாம் அதில் வர வேண்டும். அதை எழுதாத பட்ஜெட்டில் களப்பணியாளர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்.

2. கடைசி அட்டவணையை முதலில் வரையுங்கள்

அறிக்கையில் வரப்போகும் அட்டவணைகளை எண்கள் இல்லாமல் தாளில் வரையுங்கள். எந்த மாநிலத்தை எதோடு ஒப்பிடப் போகிறீர்கள்? எந்த மதத்தார், எந்த வயதினர், கிராமமா நகரமா? இந்தக் கட்டங்கள்தான் எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாடு முழுக்க 2,400 பேரைத் தற்செயல் முறையில் தேர்ந்தெடுத்தால், தேசிய அளவில் ஏறத்தாழ 2 சதவீதப் புள்ளி இப்படியோ அப்படியோ தவறலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 121 கோடியில் தமிழ்நாட்டின் பங்கு 7.2 கோடி, சுமார் 6 சதவீதம். அப்படியானால் அந்த 2,400 பேரில் தமிழ்நாட்டவர் 144 பேர்தான். அவர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் பிழை 8 புள்ளியைத் தாண்டுகிறது. அப்போதைய சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 46 லட்சம். அந்தக் கணக்கில் சென்னைக்கு வருவது ஒன்பது பேர். ஒன்பது பேரை வைத்துக்கொண்டு "சென்னைவாசிகளின் மனநிலை" என்று தலைப்புப் போடுபவர்களும் இருக்கிறார்கள்.

சிறுபான்மையினருக்கும் இதே கதிதான். கிறிஸ்தவர்கள் 2.3 சதவீதம், சீக்கியர்கள் 1.7 சதவீதம். 2,400-இல் முறையே 55 பேர், 41 பேர். அவர்களைத் தனியே பேச வேண்டுமென்றால் அவர்கள் அதிகம் வாழும் இடங்களில் கூடுதலாக எடுத்து, பின்னால் எடை போட்டு, அதாவது கூடுதலாக எடுத்தவர்களின் பதிலுக்குக் கணக்கில் மதிப்பைக் குறைத்து, சமன் செய்ய வேண்டும். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2021-இல் வெளியிட்ட இந்திய மத ஆய்வு 29,999 பேரை 17 மொழிகளில் கேட்டது. அதிலேயே ஜைனர்கள் 109 பேர்தான் கிடைத்தார்கள்.

உங்கள் கைக்காசு 2,400-க்குத்தான் வரும் என்றால் அட்டவணையைச் சுருக்குங்கள். மாநிலவாரி ஒப்பீட்டை விட்டுவிட்டு தெற்கு, வடக்கு, கிழக்கு, மேற்கு, வடகிழக்கு என்று போங்கள். இல்லையென்றால் நான்கு மாநிலங்களை மட்டும் எடுத்து ஒழுங்காகச் செய்யுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

3. இடங்களைத் தேர்ந்தெடுத்தல்

நாட்டு மக்கள் எல்லோரின் பட்டியலும் ஒரே இடத்தில் கிடைக்காது. அதனால் படிப்படியாக இறங்க வேண்டும்: மாநிலம், தொகுதி அல்லது மாவட்டம், பூத் அல்லது கிராமம், வீடு, அப்புறம் ஆள்.

ஒவ்வொரு படியிலும் இடங்களை அவற்றின் மக்கள்தொகைக்கு ஏற்ற வாய்ப்போடு எடுங்கள். செய்முறை எளிது. இடங்களை வரிசையாக எழுதி, மக்கள்தொகையைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தத்தை உங்களுக்குத் தேவையான இடங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் இடைவெளி கிடைக்கும். முதல் இடைவெளிக்குள் ஒரு தற்செயல் எண்ணை எடுத்து, அதில் இருந்து இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனால் இடங்கள் வந்துவிடும். கடைசியாக ஒவ்வோர் இடத்திலும் ஒரே எண்ணிக்கையில் ஆட்களைக் கேட்டால், பெரிய ஊர்க்காரருக்கும் சின்ன ஊர்க்காரருக்கும் சமமான வாய்ப்புக் கிடைக்கும். பட்டியலை முன்கூட்டியே கிராமம், நகரம் என்று பிரித்து அடுக்கிவைத்தால் இரண்டுமே தம் பங்குக்கு ஏற்ப வந்து விழும்.

ஓர் இடத்தில் எத்தனை பேர் என்பதில்தான் சிக்கனம் பேசுபவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 120 இடங்களில் இருபது இருபது பேர் எடுத்தாலும் 2,400, 240 இடங்களில் பத்துப் பத்துப் பேர் எடுத்தாலும் 2,400. செலவு முதலாவதில் குறைவு. ஆனால் ஒரே தெருவில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே சமூகத்தார், ஒரே கோயிலுக்கோ மசூதிக்கோ போகிறவர்கள், ஒரே டீக்கடையில் பேசிக்கொள்கிறவர்கள். அவர்கள் கருத்து ஒன்றுபோல இருக்கும். அந்த ஒற்றுமையின் அளவு 0.05 என்று வைத்துக்கொண்டால் (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் தெரு முழுக்க ஒரே கருத்து), இருபது பேர் முறையில் 2,400 பேரைக் கேட்பது, நாடெங்கும் தனித்தனியாக எடுத்த ஏறத்தாழ 1,230 பேரைக் கேட்டதற்குத்தான் சமம். பத்துப் பேர் முறையில் 1,650-ஐத் தாண்டும். சாதி, மதம் பற்றிய கேள்விகளில் தெருவுக்குள் ஒற்றுமை இன்னும் கூடும்.

பட்டியலுக்கு இரண்டு வழிகள். வாக்காளர் பட்டியலில் பெயர், வயது, பாலினம், வீட்டு எண் எல்லாம் பாகவாரியாகக் கிடைக்கும். டெல்லியில் உள்ள சமூக ஆய்வு நிறுவனமான சிஎஸ்டிஎஸ்ஸின் லோக்நீதி குழு தன் தேர்தல் ஆய்வுகளுக்கு இதில் இருந்துதான் ஆட்களை எடுக்கிறது. பட்டியல் எப்போது திருத்தப்பட்டது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. அதற்கு முந்தைய பட்டியல் கையில் இருந்தால் ஓரம் வையுங்கள்.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அம்பத்தூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை பார்க்கும் ஒடிசா, பீகார், அசாம் தொழிலாளர்களின் பெயர் பெரும்பாலும் சொந்த ஊர்ப் பட்டியலில் இருக்கும். ஊரில் தேடினால் ஆள் இல்லை, இங்கே தேடினால் பெயர் இல்லை. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கியிருக்கும் இளைஞர்களும் இப்படித்தான் நழுவுவார்கள். மதிப்பீடுகள் வேகமாக மாறிக்கொண்டிருப்பவர்கள் அநேகமாக இவர்கள்தான் என்பதால் இந்த இழப்பு சாதாரணமானதல்ல.

இரண்டாவது வழி, தேர்ந்தெடுத்த பகுதியில் வீடுகளை நீங்களே எண்ணிப் பட்டியல் போடுவது. நூறு, நூற்றைம்பது வீடுகள் கொண்ட ஒரு துண்டை வரைந்து, மாடி அறைகள், கடைக்குப் பின்னால் உள்ள அறைகள், கட்டுமான இடத்துத் தகரக் கொட்டகைகள் உட்பட எல்லாவற்றையும் எழுத வேண்டும். செலவு கூடும். நகரங்களில் இதைச் செய்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. கிராமங்களில் வாக்காளர் பட்டியலை வைத்துச் சமாளிக்கலாம்.

4. வீட்டுக்குள் யாரைக் கேட்பது

கதவைத் திறப்பவரைக் கேட்பது மிகச் சுலபமான தப்பு. பகல் பதினொரு மணிக்குக் கதவைத் திறப்பவர் இல்லத்தரசி, ஓய்வு பெற்றவர் அல்லது வேலை தேடிக்கொண்டிருப்பவர். சாயங்காலம் போனால் பெரும்பாலும் ஆண்தான் முன்னால் வந்து நிற்பார்.

வாக்காளர் பட்டியலில் இருந்து பெயரோடு எடுத்திருந்தால் அந்த ஆளைத்தான் கேட்க வேண்டும். வீட்டைத் தேர்ந்தெடுத்திருந்தால், 18 வயது நிரம்பியவர்களை எல்லாம் டேப்லெட்டில் எழுதி, செயலியே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். தாளில் செய்பவர்கள், வீட்டில் எத்தனையாவது ஆளைக் கேட்பது என்று சொல்லும் கிஷ் கட்டம் என்ற அட்டவணையைப் பயன்படுத்தலாம்.

அவர் இல்லையென்றால் குறைந்தது மூன்று தடவை, வெவ்வேறு நேரங்களில் போக வேண்டும். காசிமேட்டில் மீனவர் கடலுக்குப் போய்த் திரும்பும் நேரம் வேறு, சோழிங்கநல்லூரில் ஐடி ஊழியர் வீடு வந்து சேரும் நேரம் வேறு. மூன்று தடவையும் காலை பத்து மணிக்கே போய்விட்டு "ஆள் இல்லை" என்று எழுதுவது நடக்கும். போன நேரத்தை டேப்லெட் தானாகப் பதிய வேண்டும்.

"பக்கத்து வீட்டில் ஒருத்தரைப் போட்டுக்கட்டுமா சார்?" என்று களத்தில் இருந்து போன் வரும். கூடாது. கிடைக்காதவர்களை எதிர்பார்த்து முதலிலேயே கூடுதல் பெயர்களைத் தற்செயலாக எடுத்து, அலுவலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முயற்சிக்குப் பிறகு சூப்பர்வைசர் மூலம் மட்டும் அதைத் திறக்க வேண்டும்.

5. கேள்விகளை எழுதுதல்

"பெண்கள் வேலைக்குப் போவது நல்லது, ஒத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலோர் "ஆமாங்க" என்பார்கள். அடுத்த வீட்டில் "பெண்கள் வீட்டைப் பார்த்துக்கொள்வதே நல்லது, ஒத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டாலும் "ஆமாங்க"தான். வந்தவரை மறுத்துப் பேசக் கூடாது என்ற மரியாதை அதில் இருக்கிறது. ஆகவே ஒரு கூற்றைச் சொல்லித் தலையாட்ட வைக்காதீர்கள். இரண்டு பக்கத்தையும் சம எடையோடு சொல்லி, "இதில் உங்க எண்ணத்துக்குக் கிட்ட வர்றது எது?" என்று கேளுங்கள். எந்தப் பக்கம் முதலில் வர வேண்டும் என்பதைச் செயலி மாற்றி மாற்றிக் காட்டட்டும்.

ஒரு கேள்வியில் ஒன்றைத்தான் கேட்க வேண்டும். "அரசு ஏழைகளுக்குப் பொருள் கொடுத்து வேலைவாய்ப்பையும் உருவாக்க வேண்டுமா?" என்பதற்கு வரும் பதில் எதற்கானது என்று யாருக்கும் தெரியாது. சொல்லிலும் ஏற்கெனவே தீர்ப்பு ஒளிந்திருக்கும். "இலவசம்" என்று கேட்டால் ஒரு பதில், அரசாணை பாணியில் "விலையில்லா" என்று கேட்டால் வேறு பதில். "அரசு காசு வாங்காமல் தரும் மிக்ஸி, சைக்கிள் மாதிரிப் பொருட்கள்" என்று விவரித்துவிட்டால் இரண்டு சாயமும் ஒட்டாது.

பொதுப்படையான கேள்விக்குப் பொதுப்படையான நல்ல பதில்தான் வரும். "எல்லா மதமும் சமம் என்று நினைக்கிறீர்களா?" என்றால் மறுப்பவர் யார்? வாழ்க்கையில் முடிவெடுக்க நேரும் ஓர் இடத்துக்குக் கேள்வியைக் கொண்டுபோங்கள். சென்னையில் "உங்க வீட்டு மாடியை வேற மதத்துக்காரங்களுக்கு வாடகைக்கு விடுவீங்களா?" என்பது நன்றாக வேலை செய்யும். ஆனால் வீட்டை வாடகைக்கு விடும் பழக்கமே இல்லாத கிராமத்தில் அதே கேள்வி செத்துவிடும். நாடு முழுக்கக் கேட்பதென்றால் எங்கும் இருக்கும் சூழ்நிலை வேண்டும்: திருமணம், சேர்ந்து சாப்பிடுவது, பக்கத்து வீடு, சாவு வீட்டுக்குப் போவது. உலக மதிப்பீடுகள் ஆய்வு 1981-இல் இருந்து பல நாடுகளில் நடக்கிறது. அது "இவர்களில் யார் உங்கள் பக்கத்து வீட்டில் இருக்கக் கூடாது என்று நினைக்கிறீர்கள்?" என்று பட்டியல் காட்டிக் கேட்பது இந்தக் காரணத்தால்தான்.

அதே ஆய்வில், பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டிய பண்புகளில் முக்கியமான ஐந்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு. பதினொரு பண்புகளை வாயால் படித்துக் காட்டினால், எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கடைசியாகக் கேட்ட மூன்றுதான் நினைவில் நிற்கும். படம் போட்ட அட்டைகளைக் குலுக்கி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அவர் பார்த்துப் பார்த்து ஒதுக்கிவைப்பார்.

அளவுகோல்களுக்கும் இதே சிக்கல். ஒன்றில் இருந்து பத்துவரை மதிப்பெண் போடச் சொன்னால், பள்ளியில் படித்தவர்கள் பரீட்சை மார்க் மாதிரி நினைத்து ஐந்துக்குக் கீழே போகவே தயங்குவார்கள். ஏணிப் படம் ஒன்றைக் காட்டி, முதலில் ஒரு பயிற்சிக் கேள்வி கேளுங்கள்: "காபியை விட டீதான் நல்லதுன்னா மேல் படி, டீயை விட காபிதான்னா கீழ்ப்படி, நீங்க எங்க நிப்பீங்க?" சிரித்துக்கொண்டே விரலை வைப்பார்கள். அப்புறம் உண்மையான கேள்விக்குப் போகலாம்.

"தெரியாது", "இதை யோசிச்சதே இல்லை", "சொல்ல விருப்பமில்லை" மூன்றுக்கும் தனித்தனிக் குறியீடு வையுங்கள். வாசித்துக் காட்ட வேண்டாம், அவர்களாகச் சொன்னால் குறிக்கலாம். எந்தப் பகுதியில், எந்தப் பாலினத்தில் "யோசிச்சதே இல்லை" குவிகிறது என்பதே ஒரு கண்டுபிடிப்பு.

வரிசையில் எளியது முதலில், உரசுவது பின்னால். மொத்தமாக வாழ்க்கை எப்படிப் போகிறது என்ற கேள்வியை விலைவாசி, ஊழல் கேள்விகளுக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் அந்த எரிச்சல் பதிலில் ஏறிக்கொள்ளும். சாதியைக் கடைசிப் பகுதியில், பெயராகவே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. பட்டியலும் மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலும் ஒன்றல்ல. எந்தப் பிரிவு என்று களத்தில் முடிவு செய்ய விடாமல் அலுவலகத்தில் குறியிடுங்கள்.

6. மொழிபெயர்ப்பு

2011 கணக்கெடுப்பில் பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகள் 121. அத்தனையிலும் செய்ய முடியாது. எந்தெந்த மொழியில் செய்யப் போவதில்லை, அதனால் யார் விடுபடுகிறார்கள் என்பதை இப்போதே எழுதிவையுங்கள். இந்தி ஒன்று போதும் என்று பல மாநிலங்களைத் தாண்டிவிட முடியாது. கணக்கெடுப்பில் இந்தி என்ற தலைப்பின் கீழேதான் போஜ்புரியும் ராஜஸ்தானியும் சத்தீஸ்கரியும் அடங்கியிருக்கின்றன.

ஒவ்வொரு மொழிக்கும் இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்க்கட்டும். மூன்றாமவர் இருவரோடும் உட்கார்ந்து வரிவரியாக ஒப்பிட்டு ஒன்றை முடிவு செய்ய வேண்டும். ஏன் அந்தச் சொல்லை எடுத்தோம் என்பதை ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். திரும்ப ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துப் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். சொல்லுக்குச் சொல் போட்ட மோசமான மொழிபெயர்ப்புதான் அந்தச் சோதனையில் அழகாகத் திரும்பி வரும்.

தமிழில் தனியாக ஒரு சங்கடம் உண்டு. "பெரும்பாலான மனிதர்கள் நம்பத்தகுந்தவர்கள் எனக் கருதுகிறீர்களா?" என்று எழுதிக் கொடுத்தால் எந்தக் களப்பணியாளரும் அதை அப்படியே வாசிக்கப் போவதில்லை. வியாசர்பாடியில் ஒருவர் ஒரு மாதிரி, கோவையில் இன்னொருவர் வேறு மாதிரி, ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டு வருவார்கள். பேச்சுத் தமிழிலேயே அச்சடியுங்கள்: "பொதுவா பாத்தா பெரும்பாலான ஆளுங்களை நம்பலாம்னு நினைக்கிறீங்களா, இல்ல பழகும்போது ஜாக்கிரதையா இருக்கணும்னு நினைக்கிறீங்களா?" வட்டாரத்துக்கு மாறும் சொற்கள் இருந்தால் அனுமதித்த மாற்றுச் சொல்லையும் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். கேள்வித்தாளில் பேச்சு வழக்கைப் பார்த்துச் சில பேராசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

7. சென்னையிலேயே முன்சோதனை

வெளி மாநிலத்துக்குப் போகும் முன் பாதிக் கோளாறுகளை இங்கேயே பிடித்துவிடலாம். சௌகார்பேட்டையில் இந்தி, குஜராத்தி, மார்வாடி பேசும் குடும்பங்கள், திருவல்லிக்கேணியில் உருது பேசுபவர்கள், நகரம் முழுக்கப் பரவியிருக்கும் தெலுங்கு, மலையாளக் குடும்பங்கள், பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பு, பழைய மகாபலிபுரம் சாலை அடுக்குமாடிகள் என ஒரே பேருந்துப் பாஸில் பல வகை மனிதர்களைப் பார்க்கலாம்.

ஒரு மொழிக்கு எட்டுப் பத்துப் பேர் போதும். கேள்வியைக் கேட்டுப் பதில் வாங்கிய பிறகு, "நான் இப்போ உங்ககிட்ட என்ன கேட்டேன், உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேளுங்கள். "எதை நினைச்சு இந்தப் பதில் சொன்னீங்க?" என்பது அடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் பற்றிய கேள்விக்கு ஒருவர் தன் தற்போதைய பக்கத்து வீட்டுக்காரரோடு நடந்த தண்ணீர்ச் சண்டையை நினைத்துப் பதில் சொல்லியிருப்பார். அது தெரிந்தால் கேள்வியைத் திருத்தலாம்.

சௌகார்பேட்டை வியாபாரிக்குப் புரிந்துவிட்டது என்பதால் மத்தியப் பிரதேசத்து விவசாயிக்கும் புரியும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இது முதல் சல்லடை மட்டுமே. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு கிராமத்தில் சிறிய பைலட் நடத்தாமல் கேள்வித்தாளை முடிக்காதீர்கள்.

8. களப்பணியாளர்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்குதல்

ஃபார்முக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் ஃபார்ம்கள் வரும், பேட்டிகள் வருமா என்று தெரியாது. மரத்தடியில் உட்கார்ந்து நிரப்புவதற்கு நீங்களே காசு கொடுத்த மாதிரி ஆகும். நாள் சம்பளம் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒருவருக்கு நான்கு, ஐந்து பேட்டிக்கு மேல் வேண்டாம்.

நம் நாட்டில் பெயரே மதத்தைச் சொல்லிவிடும், சில ஊர்களில் சாதியையும். எதிரே இருப்பவர் அதைப் பார்த்துத்தான் பதிலை அளப்பார். அடையாள அட்டையில் பெயரைச் சுருக்கலாம், ஆனால் பொய்ப் பெயர் போடக் கூடாது. எல்லாருக்கும் ஏற்ற ஆளை அனுப்பவும் முடியாது. ஆகவே குழுவைக் கலந்து அமைத்து, யாரை யார் பேட்டி எடுத்தார் என்பதையும் எடுத்தவரின் பாலினம், வயது, சமூகம் ஆகியவற்றையும் டேட்டாவில் சேர்த்துவிடுங்கள். பின்னால் வித்தியாசம் வருகிறதா என்று பார்க்கலாம். பெண்களைப் பெண்களே கேட்பதை மட்டும் கூடியவரை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பயிற்சி நான்கைந்து நாட்களாவது இருக்கட்டும். அதில் பாதி, நடித்துப் பார்ப்பது. பதில் கேட்டு முகம் மாறாமல் இருக்கப் பழக வேண்டும். "அப்படியா!" என்ற ஒரு வியப்பு அடுத்த பத்துப் பதில்களையும் மாற்றிவிடும். "நீங்க என்ன சொல்றீங்க தம்பி?" என்று திருப்பிக் கேட்பார்கள். அதற்கு எல்லோரும் ஒரே பதிலை மனப்பாடம் செய்யட்டும்: "இதுல சரி தப்பு கிடையாதும்மா, நீங்க நினைக்கிறதுதான் எங்களுக்கு வேணும்."

அடுத்தது, சுற்றி நிற்கும் கூட்டம். மருமகளிடம் கேட்டால் மாமியார் பதில் சொல்வார், இல்லையென்றால் கணவர் திருத்துவார். இதற்காகவே இருவராக அனுப்புங்கள். ஒருவர் பேட்டி எடுக்க, மற்றவர் வீட்டுப் பெரியவரைத் திண்ணையில் உட்காரவைத்து ஊர் விவரம் கேட்டுக்கொண்டிருக்கட்டும். ரொம்பவும் உரசும் கேள்விகளைத் தாளில் குறித்து மடித்துப் போடச் செய்யலாம். லோக்நீதி ஆய்வுகளில் வாக்கு பற்றிய கேள்விக்கு மாதிரி வாக்குச்சீட்டும் பெட்டியும் கொண்டுபோவது இதற்குத்தான். அப்படியும் யாராவது பக்கத்தில் இருந்தால், யார் இருந்தார்கள் என்பதைக் கடைசியில் குறிக்க ஒரு கட்டம் வேண்டும்.

9. ஒப்புதலும் காலண்டரும்

பேட்டிக்கு முன் யார் நடத்துகிறார்கள், எதற்கு, எவ்வளவு நேரம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதைப் பேச்சு மொழியில் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். பெயர், போன் எண்ணைப் பதில்களில் இருந்து பிரித்துத் தனிக் கோப்பில் பூட்டிவையுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை உங்கள் வழக்கறிஞரோடு ஒருமுறை படித்துவிடுவது நல்லது. உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் கிராமத்தில் வி.ஏ.ஓ., ஊராட்சித் தலைவர் ஆகியோருக்கும் கடிதம் கொடுங்கள். அடுக்குமாடிகளில் சங்கச் செயலாளரின் அனுமதி இல்லாமல் வாட்ச்மேனைத் தாண்ட முடியாது.

காலண்டரில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. முதலில் தெற்கை முடித்துவிட்டு அப்புறம் வடக்குக்குப் போகலாம் என்று திட்டம் போடுவார்கள். நடுவில் ஒரு கலவரமோ, தீர்ப்போ, தேர்தலோ வந்தால், தெற்குக்கும் வடக்குக்கும் உள்ள வித்தியாசம் என்று நீங்கள் எழுதுவது உண்மையில் அந்தச் செய்திக்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம்தான். மேலே சொன்ன பியூ ஆய்வின் களப்பணி 2019 நவம்பர் 17-இல் தொடங்கி 2020 மார்ச் 23-இல் முடிந்தது. நடுவில் 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறி நாடெங்கும் போராட்டங்கள் நடந்தன. செய்தியை யாராலும் தடுக்க முடியாது. எல்லாப் பகுதிகளிலும் ஒரே வாரங்களில் வேலை நடக்கும்படி அடுக்கி, ஒவ்வொரு பேட்டியின் தேதியையும் வைத்திருந்தால் அதன் பாதிப்பைப் பிரித்துப் பார்க்கலாம்.

சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. பொங்கல், ரம்ஜான் நோன்பு, பீகாரில் சத் பூஜை, அறுவடைக் காலம், பரீட்சை மாதம் எல்லாவற்றையும் ஒரே சுவரில் மாட்டிவைத்துப் பார்த்துத்தான் தேதி குறிக்க வேண்டும்.

10. தினமும் சரிபார்த்தல்

டேப்லெட்டில் பேட்டியைப் பதிய ஓடிகே, கோபோ டூல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருள்களே போதும். டேட்டா அன்றன்று ராத்திரி வந்து சேர வேண்டும். காலையில் ஒருவர் உட்கார்ந்து பார்ப்பதற்கு: பேட்டி எத்தனை நிமிடம், எல்லாக் கேள்விக்கும் ஒரே படியிலேயே பதிலா, ஒருவரின் ஃபார்ம்களில் மட்டும் "தெரியாது" குவிகிறதா, ஜிபிஎஸ் இடக்குறிப்பு ஒரே புள்ளியில் நிற்கிறதா. நாற்பது நிமிட வேலை பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்திருந்தால் அன்றே போன் போடுங்கள்.

பத்தில் ஒருவரையாவது சூப்பர்வைசர் திரும்பப் பார்க்க வேண்டும். அங்கே கருத்துக் கேள்விகளைத் திரும்பக் கேட்டு ஒப்பிடாதீர்கள். இரண்டு நாளில் கருத்து நகர்வது இயல்பு, அதற்காக நேர்மையான ஆளைச் சந்தேகிக்க நேரும். யாராவது வந்தார்களா, எவ்வளவு நேரம் இருந்தார்கள், படம் போட்ட அட்டை காட்டினார்களா, வீட்டில் எத்தனை பேர் என்று மட்டும் கேளுங்கள்.

11. எடை போடுவதும் எழுதுவதும்

எடையை இரண்டு கட்டமாகப் போடுங்கள். முதலில் ஒவ்வொருவரும் தேர்வாகும் வாய்ப்பின் தலைகீழ். ஐந்து பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒருவரைக் கேட்டிருந்தால் அவருக்கு ஐந்து மடங்கு. பிறகு வயது, பாலினம், கல்வி, கிராமம் நகரம் என்று கணக்கெடுப்பு எண்களோடு பொருத்துவது. 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் 2011 எண்கள் பழையவை. அதற்குப் பின் வந்த தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று போன்றவற்றோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எழுதும்போது நூறு பேருக்குக் குறைவான கட்டத்துக்குச் சதவீதம் போட வேண்டாம். மாநிலங்களை முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்தாதீர்கள். பிழை வரம்புக்குள் இருக்கும் இரண்டு மாநிலங்களில் ஒன்றைச் சகிப்புத்தன்மை குறைந்தது என்று செய்தித்தாள் தலைப்பாக்கிவிடும், அப்புறம் மறுப்பு எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு மொழிக்காரர்கள் மட்டும் ஒரு கேள்வியில் தனியாக நின்றால், அது பண்பாடு என்று முடிவு கட்டும் முன் அந்த மொழிபெயர்ப்பை எடுத்துப் பாருங்கள். ஓசூர், சித்தூர் மாதிரி எல்லையோர ஊர்களில் இரண்டு மொழியும் தெரிந்தவர்களைப் பாதிப்பாதியாகப் பிரித்து இரண்டு மொழியிலும் கேட்டால் விடை கிடைத்துவிடும்.

அறிக்கையோடு எல்லா மொழிக் கேள்வித்தாள்களையும், தேதிகளையும், எத்தனை பேரை அணுகி எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதையும், மொழிபெயர்ப்புப் பதிவேட்டையும் சேர்த்து வெளியிடுங்கள். சில வருடம் கழித்து அடுத்த சுற்று நடத்தும்போது கேள்வியில் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. மாற்றினால் மக்கள் மாறினார்களா, கேள்வி மாறியதா என்று பிரிக்க முடியாது. பழைய கேள்வி மோசமாக இருந்து மாற்றியே ஆக வேண்டுமென்றால், பாதிப் பேரிடம் பழையதையும் பாதிப் பேரிடம் புதியதையும் கேட்டு இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.